அம்புக்குறி போன பக்கம்

1

திருச்சியிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி மடிப்பில் ஒரு கேள்வி இருக்கும். "ஞாயித்துக்கிழமைன்னா அங்க என்னதான் செய்வீங்க?" கோயில் கிடையாது, காவேரி கிடையாது, சொல்லாமல் போய் நிற்க ஒரு அத்தை வீடு கிடையாது. கேட்பது நியாயம்தான். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "ஞாயிற்றுக்கிழமைதோறும் காட்டுக்குப் போகிறோம். மனசுக்கு மிகவும் நன்றாக இருக்கிறது."

அம்மாவின் பதில் மூன்றாவது வாரம் வந்தது. "வீட்டுக்குள்ளயே எல்லா வசதியும் இருக்கு, சங்கிலிய இழுத்தா தண்ணி கொட்டுதுன்னு மாப்பிள்ளை எழுதியிருந்தாரே. அப்புறம் ஏன் காட்டுக்குப் போறீங்க? அதுவும் வாரத்துக்கு ஒரு தடவைதானா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அதற்குப் பிறகு "வனத்தில் உலாவுகிறோம்" என்று எழுதக் கற்றுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். மேற்கு ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் கருங்காடு என்று ஒரு மலைப்பகுதி. அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். ரொட்டி கட்டிக்கொண்டு காலையில் போய், நாலைந்து மணி நேரம் மரங்களுக்கு நடுவே நடந்து, சாயங்காலம் திரும்புவோம். விறகு பொறுக்குவதில்லை. ஆடு மேய்ப்பதில்லை. வேண்டுதலும் இல்லை. சும்மா நடப்பது.

இதை வேடிக்கையாக எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இந்த ஜனவரியில் என் தோழி ஹெல்கா அந்தக் காட்டில் விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டாள். நான் வரைந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபோது விழுந்தாள். படத்தில் ஒரு தவறு இருந்தது. அது தவறு என்று எனக்குத் தெரிந்த பிறகும், அவளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாரக்கணக்கில் ஆயிற்று.

2

நான் ஸ்ரீரங்கத்துப் பெண். அப்பா பொன்மலையில் ரயில்வே ஃபிட்டர். மெட்ராஸில் பாலிடெக்னிக்கில் படித்து, வரைபடம் வரைவதில் டிப்ளமா வாங்கினேன். இங்கே என் கணவர் சுந்தரத்துக்கு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு நில அளவை அலுவலகத்தில். சாய்ந்த மேஜை, டிரேசிங் துணி, கோடு இழுக்கும் பேனா, இந்தியன் இங்க். அந்த மைக்கு இங்கே அப்படிப் பெயர் இல்லை. முதல் நாள் "இந்திய மை வேண்டும்" என்று கேட்டேன். "ஊரிலிருந்து கொண்டுவரவில்லையா?" என்று வருத்தத்தோடு விசாரித்தார்கள்.

பக்கத்து அறையில் வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் இயந்திரத்தை ஓட்டுபவள்தான் ஹெல்கா. நாற்பத்திரண்டு வயது. தனியாக இருப்பவள். அமோனியா வாடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேடிக்கை பேசுவாள். அவள் சொன்னதையெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அச்சுத் தமிழில் எழுதினால் அவள் வேறு யாரோ ஆகிவிடுவாள்.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ற?" என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டாள்.

"துணி துவைப்பேன்."

"இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை துணி காயப்போட்டா உன் வீட்டுக்காரம்மா உன்னைக் காயப்போட்டுடுவா. கால்ல மாட்ட பூட்ஸ் இருக்கா?"

அப்படித்தான் முதல் முறை போனோம். பஸ் நின்ற இடத்திலிருந்து நூறடி உள்ளே போனதும் சத்தம் நின்றுவிட்டது. வைகுண்ட ஏகாதசி விடியலில், சொர்க்கவாசல் திறப்பதற்குச் சற்று முன், அத்தனை ஆயிரம் பேரும் சேர்ந்தாற்போல் மூச்சை அடக்கும் ஒரு நொடி உண்டு. ஸ்ரீரங்கத்தில் அது ஒரு நொடிதான். இங்கே அது நாலு மணி நேரம் நீண்டது. மரங்கள் கோபுர உயரத்துக்கு நின்றன. ஒன்றுகூட யாருக்காகவும் நிற்கவில்லை. சுந்தரம் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமலேயே மூடிக்கொண்டார். அது அவருக்கு வழக்கமில்லை.

எதையும் எழுதி வைத்தால்தான் எனக்குப் புரியும். அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். அதிலிருந்து சில:

அக்டோபர். பீச் என்ற மரத்தின் இலைகள் செம்பு நிறமாகின்றன. காற்று துளிகூட இல்லாதபோதும் விழுகின்றன. உச்சியிலிருந்து ஓர் இலை தரைக்கு வருவதற்குள் பதினொன்று வரை எண்ண முடிந்தது.

டிசம்பர். ஊசியிலை மரங்களில் லார்ச் மட்டும் மொட்டையாகிவிடுகிறது. இது தெரியாமல், "பாவம், அந்த வரிசை முழுக்கப் பட்டுப்போச்சு" என்று ஹெல்காவிடம் துக்கம் விசாரித்தேன். ஏப்ரலில் அது துளிர்த்தபோது அவள் எனக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாள்.

ஜனவரி. பனியில் நரியின் தடம். ஒரு காலுக்கு முன் ஒரு கால், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரே கோடு. நான் கையால் அப்படி ஒரு கோடு இழுத்ததில்லை.

ஏப்ரல் கடைசி. பீச் துளிர் விடுகிறது. இலை அவ்வளவு மெல்லியது. வெயில் அதன் ஊடாகவே இறங்குகிறது. காற்றே பச்சையாகிவிட்டது. கோதையின் உள்ளங்கை பச்சை. ரொட்டி பச்சை. பத்து நாள்தான். பிறகு இலை தடித்து, வெறும் நிழல்.

ஜூலை. முழங்கால் உயரச் செடியில் கருநீலப் பழம். தின்றால் நாவல்பழம் தின்ற நாக்கு.

கோதை எங்கள் மகள். வரும்போது கைக்குழந்தை, இப்போது ஆறு வயது. இந்த மரங்களின் பெயரெல்லாம் அவளுக்கு ஜெர்மனில் மனப்பாடம். போன வருஷம் என்னைக் கேட்டாள்: "அம்மா, வேப்பமரம் ஊசி இலையா, அகல இலையா?"

"ரெண்டும் இல்லடி. சின்னச் சின்னதா, ஓரத்துல ரம்பம் மாதிரி..."

"ரெண்டும் இல்லைன்னா அது மரமே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஓடினாள். அன்று நான் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

3

எங்கள் ஊரில் நடப்பதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. யுத்தத்துக்கு முன் புழக்கத்தில் இருந்து, படிகள் இடிந்து, பிறகு மூடிக்கிடந்த ஒரு பாதையைப் போன வருஷம் அவர்கள் மறுபடி திறந்தார்கள். ஒரு தனி மலை. அதைச் சுற்றி வர நாலு மணி நேரம். உச்சிக்குப் பாதை கிடையாது. கிழக்கே பஸ் நிறுத்தம். தெற்குச் சரிவு சாவதானமாக ஏறும், நல்ல வெயில் படும். வடக்குச் சரிவு செங்குத்து. அங்கே கல்படிகள், குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கம் வெயிலே எட்டிப் பார்க்காது.

பழைய வரைபடம் ஒன்று மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடந்தது. அதைப் புதிதாக வரைந்து கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். சிபாரிசு செய்தது ஹெல்கா. "எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா. பென்சில் சீவறதுக்குக்கூட ஒரு காரணம் வெச்சிருப்பா" என்று சொன்னாளாம்.

ஊர் என்னிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் முறை. கோடையில் நாலு ஞாயிற்றுக்கிழமை சுந்தரத்தோடும் கோதையோடும் நடந்து, காலடி எண்ணி, திசைகாட்டி வைத்து, எல்லாம் குறித்தேன். சரிபார்க்கப் பதினான்கு விஷயங்கள் எழுதி வைத்திருந்தேன். வடக்கு, அளவுகோல், ஊற்று, மழைக்கு ஒதுங்கும் குடிசை, பெஞ்சுகள், மரப்பாலம், ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து மலையைச் சுற்றி வளையம் வளையமாகப் போடும் சம உயரக் கோடுகள் என்று எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதைக் காட்டும் அம்புகள் பழைய படத்தின் மடிப்பில் தேய்ந்து போயிருந்தன. அவற்றை நானே போட்டேன். அது என் பட்டியலில் இல்லை. யோசிக்க வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை. ஐந்து சிவப்பு அம்புகள்: தெற்கே ஏறி, மேற்கே சுற்றி, வடக்குப் படிகளில் இறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு. சங்கத்தில் எல்லோரும் பார்த்துவிட்டு மிகச் சுத்தமான வேலை என்றார்கள். அச்சாகி வந்தது.

4

ஜனவரியில் முதல் கனத்த பனி பெய்த மறுநாள் ஹெல்கா ஒருநாள் லீவு போட்டாள்.

"உன் படத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஊருக்குப் புதுசா வந்தவ மாதிரி போகப்போறேன். அம்பு சொல்ற இடத்துல திரும்புவேன். தொலைஞ்சு போனா உன்மேல கேஸ் போடுவேன்."

"குடிசைக்கிட்ட ஒரு மரம் சாஞ்சிருக்கும். அதைக் குறிச்சிருக்கேன், பாரு."

"சாஞ்ச மரத்தைக்கூடக் குறிச்சிருக்கா!" என்று அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

வடக்குப் படிகளில் இறங்கும்போது வழுக்கி, கீழ்வரை உருண்டிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. இரண்டு மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த வனக்காவலர் ஒருவர் பார்த்துத் தூக்கி வந்தார். பழையபடி நடப்பாளா, மலை ஏறுவாளா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றார்கள். இந்த ஊர் டாக்டர் "பார்ப்போம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பனி, படி, வழுக்கியது. விதி என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு மாலை கோதை சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். நான் காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னேன்: "கோதை, அந்தப் பக்கமா சுத்தாத. இந்தப் பக்கமா சுத்து."

"ஏம்மா?"

"அப்படித்தான்."

"மேஜைதானேம்மா?"

கத்தியைக் கீழே வைத்தேன். அலமாரியிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்து விரித்தேன். ஐந்து சிவப்பு அம்புகள். மலை வலக்கைப் பக்கம் இருக்கும்படி, பிசகாமல், ஐந்தும்.

செங்குத்தில் ஏற வேண்டும், சாய்வில் இறங்க வேண்டும். மலை நடப்பவர்களுக்கு இது பாலபாடம். குளிர்காலத்தில் உயிர்ப்பாடம். சங்கத்தார் கோட்டின் சுத்தத்தைப் பார்த்தார்களே தவிர, அம்பைக் கவனிக்கவில்லை. எவரானாலும் அந்த மலைக்கு அம்பை மறுபக்கம்தான் போட்டிருப்பார்கள். நான் மலையை வலம் வந்திருக்கிறேன்.

5

எனக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. சனிக்கிழமைகளில் பொன்மலையிலிருந்து அப்பா வந்ததும், கையில் கிரீஸ் போகக் குளித்துவிட்டு என்னையும் தம்பியையும் கோயிலுக்குக் கூட்டிப் போவார். வாசலில் நுழைந்ததும் கால் தானாக இடப்பக்கம் திரும்பும். மதிலுக்குள் மதில், அதற்குள் மதில். கூட்டமும் ஆறு போல ஒரே பக்கம் ஓடும். எதிரே ஒருவர் வந்தால் அவர் மடைப்பள்ளிக்குப் போகிறவர், அல்லது வெளியூர்.

மறுபக்கம் சுற்றியது ஒரே ஒரு தடவைதான். பெரியம்மா இறந்தபோது பெண்கள் எல்லோரும் உடலைச் சுற்றி வந்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. என் கால் பழக்கத்தில் வலமாகவே திரும்பியது. பின்னால் வந்த அத்தை என் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பினாள். "இன்னிக்கு இந்தப் பக்கம்டி" என்றாள், மிக மெதுவாக. பெரியம்மா செத்துப்போனது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. அழத் தொடங்கினேன்.

ஆக, அம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது என் பட்டியலில் வராமல் போனதில் வியப்பில்லை. மூச்சு விடுவதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

6

"இதைப் போய் எதுக்குச் சொல்லணும்?" என்றார் சுந்தரம். "பனியில எந்தப் பக்கம் போனாலும் வழுக்கத்தான் செய்யும்."

"ஏறும்போது வழுக்கினா முட்டியில சிராய்ப்புங்க. எறங்கும்போது வழுக்கினா எலும்பு."

"பதினாலு செக் பண்ணினியே."

"அதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"சரி, பதினஞ்சாவதா இதையும் எழுதிக்க. போய்ச் சொல்லிடு" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது அதில் கேலி இல்லை.

வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அலுவலகக் கதை சொன்னேன். மூன்று முறை வாக்கியத்தை மனதில் தயார் செய்துகொண்டு போய், மூன்று முறையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

இதற்கிடையில் எங்கள் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. வந்து ஐந்து வருஷம். அந்த அலுவலகத்தில் என் பெயர் ஒரு தீராத வழக்கு. "R. பத்மாவதி" என்றால் குடும்பப் பெயர் எது என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். R என்பது அப்பா பெயர் என்று சொன்னால், "அப்படியானால் நீங்கள் மணமாகாதவரா?" என்பார்கள். இந்த முறை குமாஸ்தா தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அந்தச் சுற்றுப்பாதைப் படத்தின் மூலையில் இருக்கும் R நீங்கள்தானா?" என்று இழுப்பறையைத் திறந்து அந்த வரைபடத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "இந்த ஞாயிற்றுக்கிழமை என் தாயாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்."

"இந்தப் பக்கம் போகாதீர்கள்" என்றேன்.

"ஆனால் அம்பு இப்படித்தானே காட்டுகிறது?"

"அம்பு தவறு."

"அச்சிட்டிருக்கிறதே!" அச்சிட்டது தவறாக இருக்கும் என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை.

அவர் மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து, ஐந்து அம்புகளையும் அடித்து, தலைகீழாக மாற்றிப் போட்டேன். ஓரத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். அலுவலகத்தில் திருத்தம் செய்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். அவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார். அனுமதிச் சீட்டில் முத்திரை குத்தினார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல முடிந்ததை அவளிடம் சொல்ல முடியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

7

ஹெல்கா கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தாள்.

"ஹெல்கா, இத்தனை வாரமா சொல்லணும்னு வந்து சொல்லாமலே போனேன். படத்துல அம்பு தப்பு. தலைகீழா போட்டுட்டேன்."

"தெரியும்" என்றாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சின்னப் பிள்ளையில எங்கப்பா கூட்டிட்டுப் போன பாதை அது. படியில ஏறி வெயில்ல எறங்குவோம். உன் அம்பு மாறியிருக்குன்னு பஸ் ஸ்டாப்லயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் அந்த வழியாப் போனே?"

"நீ போட்டிருக்கியேன்னுதான். எல்லாத்துக்கும் காரணம் வெச்சிருக்கிறவ, இதுக்கும் ஒன்னு வெச்சிருப்பான்னு போனேன். படியில கால் வெக்கிற வரைக்கும் அதையே யோசிச்சுக்கிட்டுப் போனேன். கண்டுபிடிக்க முடியல. இங்க படுத்துக்கிட்டும் யோசிச்சேன். இப்பவாவது சொல்லு, என்ன காரணம்?"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லத் தொடங்கினேன். எங்கள் ஊரில் கோயிலுக்குப் போனால் கடவுளைச் சுற்றி நடப்போம் என்று சொல்ல வேண்டும். இந்த மொழியில் சுற்றி நடப்பதற்கும், ஓடிப்போய் மோதித் தள்ளுவதற்கும் எழுத்து மாறாமல் ஒரே சொல். அழுத்தம் விழும் இடம் மட்டும் வேறு. நான் தப்பான இடத்தில் அழுத்திவிட்டேன்.

ஹெல்கா கண்ணை விரித்தாள். "கடவுளைக் கீழே தள்ளுவீங்களா? வாராவாரமா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை" என்றேன், புரியாமல். "குடும்பத்தோட."

"கூட்டம் இருக்குமா?"

"ஆயிரக்கணக்குல. எல்லாரும் ஒரே பக்கமாத்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் தூக்கிக் கட்டியிருந்த கால் ஆடி, வலியில் கத்தி, மறுபடி சிரித்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கடவுளையே தள்றவங்க. என்னைத் தள்ளினதுல ஆச்சரியமே இல்ல" என்று ஹெல்கா அவளிடம் முறையிட்டாள்.

வாயால் முடியாது என்று, பையிலிருந்து உறையொன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் வரைந்தேன். நடுவே சிறியதாக ஒரு வளையம். அதைச் சுற்றி ஒரு மதில், அதைச் சுற்றி இன்னொன்று, ஏழு வரை. கை அவசரத்தில் மூலைகள் உருண்டுவிட்டன. சுற்றும் திசைக்கு ஓர் அம்பு. ஹெல்கா வாங்கிப் பார்த்தாள். வருஷக்கணக்காக நில வரைபடங்களை நகல் எடுத்தவள்.

"இது நம்ம மலை" என்றாள். "சம உயரக் கோடு."

நான் எட்டிப் பார்த்தேன். ஆமாம். ஸ்ரீரங்கத்தை வரையப் போய் அந்த மலையை வரைந்திருந்தேன். அல்லது போன வருஷம் மலையை வரையப் போய் ஸ்ரீரங்கத்தை வரைந்திருந்தேன்.

"உங்க ஊர்ல இந்த நடுவுல யாரு?"

"பெருமாள். படுத்துக்கிட்டிருப்பார்."

"என்னை மாதிரியா?"

"பாம்பு மேல."

"அது ஒன்னுதான் இங்க குறைச்சல்." அப்புறம் அவள் விரலை அந்தக் கடைசி வளையத்துக்குள் வைத்தாள். குரல் மாறிவிட்டது. "நம்ம மலையில நடுவுல யாரு, பத்மா?"

அங்கே பாதை இல்லை. நான் அளந்ததும் இல்லை. என் படத்தில் அந்த வளையத்துக்குள் வெறும் வெள்ளைத்தாள்தான். பனியும் துளிரும் செம்பு இலையும் மாறி மாறி அதைச் சுற்றி வந்துகொண்டிருக்கின்றன. நானும் என்னவென்று தெரியாமலேயே சுற்றியிருக்கிறேன். சொர்க்கவாசலுக்கு முன் நின்ற அந்த ஒரு நொடி, ஆஸ்பத்திரி அறைக்குள் வந்து நின்றது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

ஹெல்கா உறையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "பனியில விழுந்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல. தெரிஞ்சுக்கிட்டே இத்தனை வாரம் ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தியே, அதுக்குத்தான் கோபம். இன்னிக்குப் போயிடு."

போய்விட்டேன்.

8

திரும்பும் பஸ்ஸில் திருவெள்ளறை நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறை நாங்கள் ஐந்து பெண்கள் விடியற்காலையில் கிளம்பி, கொள்ளிடம் பாலம் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியாக அந்தக் கோயிலுக்கு நடந்தே போனோம். வெயில் ஏறிப் போய்ச் சேர்ந்தால் வாசல் சாத்தியிருந்தது. நடை சாத்திவிட்டார்கள் என்று நினைத்து ஒருத்தி அழவே தொடங்கினாள். பூ விற்கிற அம்மாள் சிரித்தாள்.

"எந்த ஊரும்மா நீங்க? ஆடி பொறந்தாச்சு. இந்த வாசல் இனி தையிலதான் தொறக்கும். அந்த வாசல் வழியாப் போங்க."

ஆறு மாதம் ஒரு வாசல், ஆறு மாதம் இன்னொரு வாசல். சூரியன் எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பார்த்துப் பெருமாளுக்கே வழி மாறுகிறது.

அன்று சாயங்காலமே சங்கத்துக்கு எழுதினேன். முதல் பத்தியில் தவறு என்னுடையது என்று. இரண்டாவது பத்தியில், படத்தில் இரண்டு நிற அம்புகள் வேண்டும் என்று: பனிக்காலத்துக்கு நீலம், படியில் ஏறி வெயிலில் இறங்க, மே முதல் அக்டோபர் வரை சிவப்பு, இப்போது இருக்கிறபடியே. தவறான அம்பை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். கோடையில் படிகள் காய்ந்துவிடும், உச்சி வெயிலில் வடக்குப் பக்கம் நிழல் என்று எழுதினேன். அவர்களுக்குச் சொல்ல அது போதுமான காரணம். இரண்டு கூட்டம் போட்டுச் சம்மதித்தார்கள்.

ஹெல்கா ஏப்ரலில் வீட்டுக்கு வந்தாள். அலுவலகத்துக்கு வந்து பழையபடி எல்லோரிடமும் பேசினாள். என்னிடம் நகல் வேலை மட்டும் பேசினாள். மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"டாக்டர் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமை என்ன பண்ற?"

"ஆத்தோரமாப் போகலாம். சமதரை."

"சமதரைக்கு நீ எதுக்கு? மலைக்கு."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் போனோம். பஸ் நிறுத்தத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் வடக்குப் படிகள், இடப்பக்கம் தெற்குச் சரிவு. அவள் இரண்டையும் பார்த்தாள். பிறகு இடப்பக்கம் திரும்பி ஏறத் தொடங்கினாள்.

உடைந்தது வலது கால். அதனால் தடி இடக்கையில். அப்படித்தான் பிடிக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் பழக்கியிருந்தார்கள். வலக்கை சும்மா இருந்தது. பாதையை மலையில் வெட்டியெடுத்த இடங்களில் பாறை தோள் உயரத்துக்கு நிற்கும். அதில் ஈரப் பாசி. நாலாவது அடியில் அவள் தடுமாறியபோது வலக்கை தானாகப் போய் அந்தப் பாசியில் ஊன்றியது. அதற்குப் பிறகு கையை எடுக்கவில்லை. தடி ஒரு பக்கம், மலை ஒரு பக்கம். மேலே பீச் துளிர் விட்டிருந்தது. அவள் விரல்கள், பாசி, தடி எல்லாம் ஒரே பச்சை.

திரும்பி என்னைப் பார்த்தாள். "இதுதான் காரணமா?"

"இல்ல" என்றேன். பிறகு உண்மை அதுவும் இல்லை என்று பட்டது. "இருக்கலாம்."

"பட்டியல்ல எழுதிக்க" என்றாள்.

முதல் பெஞ்சு வந்தது. டாக்டர் சொன்ன அரை மணி நேரத்தில் பாதி அங்கே முடிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். உட்கார இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஹெல்கா பெஞ்சைத் தாண்டி, அடுத்த வளைவில், பாறையைத் தொட்டபடி போய்க்கொண்டிருந்தாள்.